பம்ப் போச்சு என்று சொல்வதற்கு முன்னால்: பழைய டீசல் காரும் அதன் ஃபில்டரும்

பெட்ரோல் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருந்த வீடுகளில் ‘டியூனிங்’ என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார்கள். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைப்பார்கள். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவி மாட்டி, ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துவார்கள். அவ்வளவுதான். இப்போது ஒரு பழைய டீசல் காரை வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய் ‘டியூனிங் பண்ணிக் கொடுங்க’ என்றால் அவர் எதைத் தொடுவார்? அதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது, பாயிண்ட் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது.

பழைய டீசல் வண்டியில் டியூனிங்கில் முக்கால் பங்கு, டீசல் சுத்தமாகவும் காற்றுக் குமிழி இல்லாமலும் பம்புக்கு, அதாவது டீசலை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகத்துக்கு, போய்ச் சேருவதுதான் என்பது என் கட்சி. மீதிக் கால் பங்கையும் சொல்கிறேன், ஆனால் கடைசியில்.

பழைய டீசல் என்று நான் சொல்வது பம்ப் முழுக்க இரும்பு வேலையாக, கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடும் வண்டிகளை. டீசல் அம்பாசடர், பழைய டாடா சுமோ, முதல் தலைமுறை இண்டிகா, குவாலிஸ், பழைய பொலீரோ எல்லாம் இந்த வகை. காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் திறந்துவிடும் முறை) வந்த பிறகான வண்டிகளிலும் ஃபில்டர் உண்டு, அதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவற்றில் பம்பிலிருந்து நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு) போகும் குழாயை நாமே தளர்த்தக் கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

சரி, இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். டீசல் இன்ஜின் அந்தக் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பனிபோல் பீய்ச்சுகிறது. தீக்குச்சி கிழிக்க ஆள் தேவையில்லை, தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய இன்ஜினிலும் இதே தத்துவம்தான்.

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி எப்போது வருகிறதோ அதுதான் கணக்கு. இங்கே டீசல் எப்போது, எவ்வளவு, எவ்வளவு பொடியாக விழுகிறது என்பதுதான் கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலும் விநாடிக்கு 25 தடவை பீய்ச்சும். ஒரு தடவைக்கு விழும் டீசல் ஒரு சொட்டைவிடக் குறைவு. இந்தத் துல்லியத்துக்காக, பம்பின் உள்ளே ஒன்றுக்குள் ஒன்று நகரும் பாகங்களுக்கு இடையே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். அந்த இடைவெளிக்குள் மண்துகள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அந்தப் பாகங்களுக்குத் தனியாக ஆயில் கிடையாது. டீசலேதான் அங்கே ஆயில். ரோட்டரி பம்ப் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே இடத்திலிருந்து டீசல் பங்கிடும் வகை) என்றால் உள்ளே அத்தனைக்கும் டீசல்தான் வழவழப்பு. அதனால்தான் தண்ணீர் கலந்த டீசலும், ஒரு காலத்தில் ஊரெங்கும் நடந்த மண்ணெண்ணெய்க் கலப்படமும் பம்பைத் தின்றன. இரண்டுக்கும் வழவழப்பு போதாது.

இந்தப் பம்புக்கும் டாங்க்குக்கும் நடுவே காவலுக்கு நிற்பது ஃபில்டர். விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் அது காப்பாற்றும் பம்பைப் பிரித்து மேய்ந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் எந்தப் பம்பையும் ‘மைக்கோ பம்ப்’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. 1951இல் தொடங்கிய, பெங்களூருவின் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம் அது. 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது, வாயில் மட்டும் மாறவில்லை. லாரிகளிலும் பழைய ஜீப்புகளிலும் பார்க்கும் இரட்டைக் கிண்ண ஃபில்டரையும் அதே பெயரில்தான் கேட்பார்கள். முதல் கிண்ணத்தில் துணி அல்லது ஃபெல்ட் உறை பெரிய அழுக்கைப் பிடிக்கும், இரண்டாவதில் இருக்கும் காகிதம் நுண்துகளைப் பிடிக்கும். துணியை டீசலில் அலசித் திரும்பப் போடலாம். காகிதத்தைக் கழுவிப் போடுவது தவறு. கழுவினால் வெளியே பளிச்சென்று இருக்கும், ஆனால் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்திருக்கும். கார்களில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் மாதிரி திருகிக் கழற்றும் டப்பா வகைதான். அதைக் கழுவுவது என்ற பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

எப்போது மாற்றுவது? உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு எண் இருக்கும். புத்தகம் இல்லையென்றால் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அதிகம் ஓடவில்லை, வருடத்துக்கு 3,000 தாண்டாது என்றாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம். நின்ற வண்டியில்தான் தண்ணீர் சேரும். பழைய வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தால் கிலோமீட்டரையெல்லாம் பார்க்காதீர்கள். முந்தைய சொந்தக்காரர் ‘போன மாசம்தான் மாத்துனேன்’ என்று சத்தியம் செய்தாலும் முதல் வேலை அதுதான்.

அடைத்த ஃபில்டர் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதை நான் கொல்லிமலையில் கற்றுக்கொண்டேன். மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பழைய சுமோ அடிவாரம் வரை சமர்த்தாக வந்தது. ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்துகொண்டே வந்து, முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் இரண்டாவது கியரில்கூட ஏற மறுத்தது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் நாலு வளைவு போகும், மறுபடி படுத்துக்கொள்ளும். திரும்பி வந்து காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் ‘பம்ப் போச்சு’ என்றார்கள். இரண்டாவதாகக் காட்டியது ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, ஏறும்போது பின்னாடி கரும்புகை வந்துச்சா?”

“இல்லண்ணே, புகையே இல்லை.”

“அப்ப டீசலே போகல. ஃபில்டரக் கழட்டு.”

கழற்றினோம். டப்பாவைக் கவிழ்த்தபோது கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தது. அடியில் அரை டம்ளர் தண்ணீர்.

அந்தக் கேள்வியில் இருக்கும் அறிவு எந்தத் தொடக்கக்காரருக்கும் போதும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் இன்ஜின் டீசலுக்குப் பட்டினி கிடக்கிறது. ஃபில்டர், டாங்க்குக்குள் இருக்கும் ஜல்லடை, நசுங்கிய குழாய், ஏதோ ஓர் இடத்தில் அடைப்பு. இழுவை இல்லை, ஆனால் கரும்புகை கக்குகிறது என்றால் டீசல் தாராளமாகப் போகிறது, எரியத்தான் காற்று போதவில்லை. அல்லது நாசில் பனிபோல் தூவாமல் ஒழுகுகிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். ஐட்லிங்கில் அடைப்பு தெரியாது, ஏனென்றால் அப்போது தேவையே கொஞ்சம்தான். மேடும் வேகமும் கேட்கும்போதுதான் அடைத்த காகிதத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. நிறுத்தி வைத்தால் டீசல் மெல்லக் கசிந்து நிரம்பிக்கொள்ளும், அதனால் நாலு வளைவு ஓடும். எல்லாம் பொருந்தி வருகிறது, பாருங்கள்.

இனி மாற்றும் வேலை. இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஃபில்டரைச் சுற்றியிருக்கும் இடத்தை முதலில் துணியும் பிரஷ்ஷும் கொண்டு துடையுங்கள். அழுக்கைத் தடுக்கும் பொருளை மாற்றும்போதே அழுக்கை உள்ளே தள்ளிவிடுவது இந்த வேலையில் ரொம்ப சகஜம். கீழே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வையுங்கள். சொட்டும் டீசல் ரப்பர் ஹோஸ்களை ஊற வைத்துக் கெடுக்கும், தார்ச்சாலையையும் கரைக்கும். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

திருகும் வகையென்றால் அடியில் தண்ணீர் சென்சார் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிட்டு டப்பாவைத் திருகி எடுங்கள். கிண்ண வகையென்றால் நடு போல்ட்டைத் தளர்த்தினால் கிண்ணம் கையோடு வரும். பழைய ரப்பர் வளையம் மேலே தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை எடுக்க மறந்து அதன் மேலேயே புதியதையும் போட்டு இறுக்கினால், டீசல் ஒழுகும் அல்லது காற்று ஏறும். இந்தத் தப்பைச் செய்யாத மெக்கானிக்கே கிடையாது என்று நினைக்கிறேன். புதிய வளையத்தில் ஒரு விரல் டீசலைத் தடவி, கையால் இறுக்கி, வளையம் தொட்ட பிறகு புதிய டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம்.

புதிய ஃபில்டருக்குள் டீசல் ஊற்றி மாட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கைப்பம்ப் (கையால் அமுக்கி ஃபில்டருக்கு டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) இருக்கும் வண்டியில் ஊற்றாமல் மாட்டுவதே நல்லது. கைப்பம்ப் இல்லை, வேறு வழியில்லை என்றால், டப்பாவின் ஓரத்தில் வட்டமாக இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் கேனில் இருக்கும் அழுக்கு வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போய்விடும்.

மாட்டியாயிற்று, செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகாது. பயப்பட வேண்டாம், இது எதிர்பார்த்ததுதான். உள்ளே ஏர் பிடித்திருக்கிறது.

ஏர் என்றால் இவ்வளவு தகராறு ஏன்? நாசில் திறக்க வேண்டுமென்றால் குழாயில் இருக்கும் டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தப்பட வேண்டும். இந்த வகை நாசில்கள் 120 முதல் 250 பாருக்குள் ஏதோ ஓர் அழுத்தத்தில் திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். டீசல் திரவம், அழுத்தினால் சுருங்காது, அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காற்று சுருங்கும். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அந்தக் குமிழி ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரிந்து முழு உழைப்பையும் விழுங்கிவிடும், நாசில் மூடியபடியே கிடக்கும்.

ஆக, ஏரை எடுக்க வேண்டும். கைப்பம்ப் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ரோட்டரி பம்ப் வண்டிகளில் பெரும்பாலும் ஃபில்டர் தலையிலேயே அமுக்கும் பொத்தான் மாதிரி இருக்கும். இன்லைன் பம்ப் என்றால் பம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், டாங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் திருகித் திறந்து மேலும் கீழும் ஆட்டும் குமிழ் இருக்கும். உங்களுடையது எந்தப் பம்ப் என்று தெரியவில்லையா? நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்கள் பம்பின் மேலே வரிசையாக நின்றால் இன்லைன். ஒரு முனையில் வட்டமாக ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் ரோட்டரி.

ஃபில்டர் தலையில் ஏர் எடுக்கும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை நுரையாக வரும், பிறகு குமிழும் டீசலும் கலந்து வரும், கடைசியில் குமிழ் இல்லாமல் டீசல் மட்டும் வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி ஏறிக்கொள்ளும். பம்பிலும் ஒரு ஸ்க்ரூ இருந்தால் அங்கேயும் இதையே செய்யுங்கள். பிறகு கைப்பம்ப் கெட்டியாகும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். முரண்டு பிடித்து, தடுமாறி, ஒரு நிமிடத்தில் சீராகிவிடும்.

அப்படியும் எடுக்கவில்லை என்றால் நாசில் முனையில் இருக்கும் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடிக்க, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குவார்கள். இதை முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஆறவிட்டு அடியுங்கள். இன்னொரு எச்சரிக்கை, இதில் விளையாட்டே கிடையாது: கழற்றிய நாசில் பீய்ச்சும்போது விரலையோ உள்ளங்கையையோ முன்னால் காட்டவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம். விரலை இழந்தவர்கள் உண்டு.

ஏர் எடுத்தாயிற்று, வண்டியும் நன்றாக ஓடுகிறது, ஆனால் தினம் காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. இந்தக் குறைக்குத்தான் அநியாயமாகப் பல பம்புகள் கழற்றப்படுகின்றன என்பது என் சந்தேகம்.

ஒழுகல் என்றால் கீழே டீசல் சொட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஃபீட் பம்ப் தனியாக இல்லாத ரோட்டரி வண்டிகளில் பம்பே டாங்க்கிலிருந்து உறிஞ்சுகிறது. இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பது மாதிரி. ஸ்ட்ராவில் சின்ன ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே வரும். டாங்க் முதல் பம்ப் வரை எந்த ஹோஸில் கீறல் விழுந்திருந்தாலும், எந்தக் கிளிப் தளர்ந்திருந்தாலும் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே தெரியாது. இரவெல்லாம் காற்று மெல்ல ஏறி, குழாயில் நின்ற டீசல் டாங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் காலையில் தொல்லை அதிகம், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் குறைவு என்றால் ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, பம்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி தெரியும் டியூப் ஒன்றை மாட்டி ஓடவிட்டுப் பார்ப்பது. குமிழ் ஓடினால் தவறு பம்புக்கு முன்னால். ஓடவில்லை என்றால் வேறு எங்கோ. பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள பேஞ்சோ போல்ட்டுகளில் இருக்கும் காப்பர் வாஷரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நாசில்களை ஒன்றோடொன்று இணைக்கும் துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கும், அவையும் சந்தேகப் பட்டியலில் சேர வேண்டும்.

பழைய வண்டிகளில் ரப்பர் சீல் திடீரென்று ஒழுகத் தொடங்குவதற்கு டீசலே மாறிவிட்டதும் ஒரு காரணம். நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நாலாம் கட்டம்) வந்தபோது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்து அதை 10 ஆக்கியது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில கூறுகளும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பிப் பழகிய ரப்பர், புதியதில் சுருங்கிப் பிடிப்பு விடுகிறது. டீசலின் இயற்கையான வழவழப்பும் அந்தச் சுத்திகரிப்பில் குறைகிறது. அதனால்தான் சிலர் டாங்க்கில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) ஊற்றுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்போதைய டீசல் தர விதியிலேயே வழவழப்புக்குத் தனி அளவு உண்டு, குறைந்தால் மருந்து கலந்துதான் அனுப்ப வேண்டும். ஆயிலுக்குக் கொடுக்கும் காசில் ஃபில்டர் வாங்கலாம்.

தண்ணீர் விஷயம். மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடி டாங்க்கில் இறங்குவது ஒரு வழி. நம் வண்டி டாங்க்கில் பாதி காலியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து வேர்ப்பது இன்னொரு வழி. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டாங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். டேங்கர் லாரி வந்து இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் அந்த நேரத்தில் நான் போடுவதில்லை, அடி வண்டல் கலங்கியிருக்கும்.

தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் ஃபில்டரின் அடியில் போய் உட்காரும். அங்கே ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கோடு போட்ட மாதிரி அடியில் பிரிந்து நிற்கும். உறிஞ்சும் வகை வண்டியில் ஸ்க்ரூவைத் திறந்தால் டீசல் வராமல் காற்று உள்ளே போகும், அதனால் கைப்பம்பை அடித்துக்கொண்டே வடியுங்கள். டாங்க்கில் தண்ணீர் தங்கினால், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுண்ணுயிர்கள் வளரும். எங்கள் சுமோவில் வந்த கறுப்புக் கூழ் அதுதான். புதிய ஃபில்டர் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி அடைத்தால் இன்னொரு ஃபில்டர் வாங்காதீர்கள், டாங்க்கை இறக்கிக் கழுவுங்கள்.

இனி நான் பாக்கி வைத்த கால் பங்கு.

ஏர் ஃபில்டர் காகித வகையென்றால் உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். பழைய அம்பாசடரிலும் ஜீப்பிலும் ஆயில் தொட்டி வகை உண்டு, அதில் சேறாகிவிட்ட ஆயிலைக் கொட்டிக் கோடு வரை புதிதாக ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சிவிட்டால் அதையே எரித்துக்கொண்டு வேகம் பிடிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று நுழையும் வாயை அடைத்தால்தான் நிற்கும். இன்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே ஆபத்து உண்டு. மாற்றிய மறுநாளே ஆயில் கறுப்பது டீசல் வண்டியில் இயல்பு, அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துப் பார்க்க வேண்டும். அளவும், இன்ஜின் சூடாக இருக்க வேண்டுமா ஆறியிருக்க வேண்டுமா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி) வழி வந்த பழைய அம்பாசடர் இன்ஜினில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எட்டு வால்வுகளும் ஒரே வரிசை. எட்டாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது முதலாவதன் இடைவெளியை வையுங்கள், ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவதன் இடைவெளியை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். டேப்பட் சத்தமே இல்லாத பழைய இன்ஜினைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். வால்வு உள்ளே அமர்ந்து அமர்ந்து தேய்ந்தால் இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும், ஒரு நாள் வால்வு முழுக்க மூடாமல் கருகும். லேசாகத் தட்டுவதே நல்லது.

ஹீட்டர் பிளக் (தீப்பொறி தராமல், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்க மட்டும் உதவும் பிளக்) விஷயத்தில் நம் வெயில் நம்மை ஏமாற்றும். நாலில் இரண்டு செத்திருந்தாலும் சென்னையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். டிசம்பரில் ஊட்டியில் ஓர் இரவு நிறுத்திப் பார்த்தால் தெரியும், வெள்ளைப்புகையும் நடுக்கமுமாக. ஒயரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும், செத்தது எதுவுமே காட்டாது.

நாசில்களில் ஒன்று மட்டும் சரியில்லை என்று தோன்றினால், ஐட்லிங்கில் ஒவ்வொரு நட்டாகத் துணி சுற்றித் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சோம்பேறி. கழற்றிக்கொண்டு போய் நாசில் டெஸ்டர் இருக்கும் பம்ப் கடையில் கொடுங்கள். பம்ப் டைமிங்கும் அவர்கள் வேலைதான். பம்பில் ஈயமுத்திரை வைத்த ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் திருகினால் பிக்கப் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கூடும்தான். கரும்புகையும் பிஸ்டனின் சூடும் சேர்ந்தே கூடும். எமிஷன் டெஸ்ட்டில் பிஎஸ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகையின் கருமையளவு 65க்கு (எச்.எஸ்.யு என்ற அலகில்) மேல் போகக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் திடீரென்று அமுக்கித்தான் அளப்பார்கள், அந்த ஸ்க்ரூ திருகியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் சுமோவின் பின்சீட்டுக்கு அடியில் அந்தக் கொல்லிமலைப் பயணத்துக்குப் பிறகு ஒரு துணிப்பை இருக்கிறது. ஒரு புதிய ஃபில்டர், நாலு காப்பர் வாஷர், 17க்கு 19 ஸ்பேனர், பழைய வேட்டித் துணி, மூடியுள்ள காலி பாட்டில், கண்ணாடி மாதிரி தெரியும் டியூப் அரை மீட்டர். மாட்டியிருக்கும் ஃபில்டரின் மேல் மார்க்கர் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது பம்ப் போச்சு என்றால், முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.